உத்தரவாதம் எட்டாத ஃபிளாட்
அமெரிக்காவில் ராணுவத்தில் பணியாற்றியவர்களுக்கு 1944-இல் வந்த ஜி.ஐ. சட்டம் தந்த பெரிய வசதி வீட்டுக்கடன். அரசு பொதுவாகப் பணம் தராது, வங்கிக் கடனுக்கு உத்தரவாதம் நிற்கும். அதனால் பெரும்பாலும் முன்பணமே இல்லாமல் வீடு வாங்கலாம். நல்ல திட்டம்தான்.

ஆனால் நியூயார்க்கில் கதை வேறு. அங்கே ஏராளமான அடுக்குமாடிகள் கூட்டுறவு முறையில் நடப்பவை. வாங்குபவர் கைக்கு வருவது வீட்டுப் பத்திரம் அல்ல, கட்டடத்துக்குச் சொந்தமான நிறுவனத்தின் பங்கும் குடியிருக்கும் குத்தகையும்தான். பங்குக்கு இந்த உத்தரவாதம் செல்லாது. 2006-இல் ஒரு சட்டம் போட்டுச் சில வருடங்களுக்கு மட்டும் அனுமதித்தார்கள், அப்புறம் நீட்டிக்கவில்லை. ஈராக்கில் காவல் நின்றவருக்கு நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஒரு சின்ன ஃபிளாட் வாங்க இது உதவாதாம். எனக்கென்னவோ அநியாயமாகத்தான் படுகிறது.