கீபோர்டை நாமளே மாத்தலாம்

தங்கச்சியோட பழைய டெல் இன்ஸ்பிரான் 3542 லேப்டாப்புக்கு வீட்லயே புது கீபோர்டு போட்டாச்சு. பேட்டரியை முதல்ல கழட்டிடணும். மேல் விளிம்புல இருக்கிற கொக்கிகளை மெல்லிசான பிளாஸ்டிக் பட்டையால ஒவ்வொண்ணா நெம்பினா கீபோர்டு மேல வந்துடும். சட்டுனு தூக்கிடாதீங்க, அடியில ரிப்பன் மாதிரி தட்டையான கேபிள் இருக்கு!

கவனமெல்லாம் அங்கதான் வேணும். கேபிளைப் பிடிச்சிருக்கிற குட்டி பிளாஸ்டிக் தாழ்ப்பாளை நகத்தால நிமிர்த்திட்டுதான் உருவணும். அது உடைஞ்சா மதர்போர்டுல, அதாவது லேப்டாப்போட முக்கிய சர்க்யூட் பலகையில, கைவைக்க வேண்டியதாயிடும். புதுசைக் கோணாம கடைசி வரைக்கும் செருகி, தாழ்ப்பாளை அமுக்கி, எல்லா கீயையும் தட்டிப் பாத்துட்டு மூடுங்க.

இப்ப வர்ற மாடல் பலதுல கீபோர்டை மேல்தட்டோட சேர்த்து பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டிடறாங்க. எனக்கு இது சுத்தமா பிடிக்கல. புது லேப்டாப் வாங்கறவங்க இதையும் விசாரிச்சு வாங்குங்க.