ஒரு கிலோ விதைக்கிழங்கு, 22 செடி

ஜனவரி 24

உருளைக்கிழங்கு நட்டு இன்றோடு 82 நாள். அடி இலைகள் மஞ்சளாகிவிட்டன. போன வாரம் வரை நிமிர்ந்து நின்ற தண்டுகள் பாத்தியில் சாய்ந்து கிடக்கின்றன. முதலில் நோயோ என்று பயந்தேன். ஆனால் மஞ்சள் அடியிலிருந்து மேலே சீராக ஏறுகிறது, கருகல் புள்ளி ஒன்றுகூட இல்லை. சரி, இது முதிர்ச்சிதான். தண்ணீரைக் குறைத்துவிட்டேன். இந்த நேரத்தில் மண் சொதசொதவென்று இருந்தால் கிழங்குத் தோலில் உள்ள மூச்சுத் துளைகள் வெள்ளை வெள்ளையாகப் பொங்கிவிடும், அழுகலும் அந்த வழியாகத்தான் நுழையும்.

கணக்கை எழுதி வைக்கிறேன். நவம்பர் 3 அன்று ஒரு கிலோ விதைக்கிழங்கு எடுத்தேன். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு கண்ணாவது இருக்கும்படி, சுமார் 40 கிராம் எடையில் வெட்டியதில் 24 துண்டு. இரண்டு அழுகிப்போயின. மிச்சம் 22 செடி: பாத்தியில் 16, மூன்று சாக்குகளில் இரண்டிரண்டாக 6. போட்ட விதையைப்போல் பத்து மடங்கு வந்தால் வீட்டுத் தோட்டத்துக்கு அது நல்ல விளைச்சல். ஐந்து மடங்கு வந்தாலும் குறை சொல்ல மாட்டேன். செடிக்கு இரண்டு மூன்று கிலோ வரும் என்று நம்பி நடுகிறவர்கள்தான் மனம் விட்டுப்போய் அடுத்த முறை நடாமலே இருந்துவிடுகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஜனவரி 27

பொறுக்க முடியவில்லை. ஓரத்துச் செடியின் பக்கவாட்டில் கையை விட்டுத் துழாவினேன். மேல்மண் சூடாக இருந்தாலும் நாலு விரல் ஆழத்தில் குளிர்ச்சி. விரல் நுனியில் வழவழப்பாக ஒன்று தட்டுப்பட்டது. வெள்ளை நூல் மாதிரி ஒரு தண்டின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. பலரும் அதை வேர் என்று நினைக்கிறார்கள். அது மண்ணுக்குள் ஓடும் தண்டு, அதன் நுனி பருத்துத்தான் கிழங்காகிறது. முட்டை அளவு இருந்த அதைப் பெருவிரலால் தேய்த்தேன். தோல் ஈரக் காகிதம் போலச் சுருண்டு வந்தது. உடனே வேகவைத்துத் தின்ன இதைவிட மென்மையான கிழங்கு கிடையாது, எடுத்து வைக்கத்தான் ஆகாது. இரண்டை மட்டும் எடுத்து, எடை போட்டு எழுதிவிட்டு மண்ணை மூடினேன். 110 கிராம்.

பிப்ரவரி 3

பாதிக்கு மேல் காய்ந்துவிட்டதால் எல்லாத் தண்டுகளையும் தரையோடு அறுத்தேன். கிழங்கைத் தொடவில்லை. தண்டை எடுத்தபின் 10 முதல் 14 நாள் மண்ணிலேயே விட்டால் தோல் கெட்டிப்படும். இந்தக் காத்திருப்பைத் தவிர்த்தவர்களின் கிழங்கு, தோண்டும்போதே உரிந்து, சீக்கிரம் சுருங்கிப்போகும்.

பாத்தியில் ஓர் இடத்தில் மண் வெடித்து ஒரு கிழங்கின் முதுகு வெளியே தெரிந்தது. பச்சை. அந்தப் பச்சை வெறும் பச்சையம்தான், ஆனால் அதே வெளிச்சம் கிழங்குக்குள் சோலனைன் என்ற நஞ்சையும் கூட்டிவிடும். அதைத் தூக்கிப் போட்டேன். இரண்டு முறை மண் அணைத்தேன், மூன்றாவது முறையைத் தள்ளிப்போட்டது என் தப்பு.

பிப்ரவரி 15

தோண்டியாயிற்று! மண் பொலபொலவென்று இருந்தது, அதற்காகவே நான்கு நாளாகத் தண்ணீரே விடவில்லை. அடித்தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி களைக்கொத்தை இறக்கி நெம்பினால் மண்கட்டியோடு குடும்பமாகக் கிளம்பி வருகிறது. மகள் பின்னாலேயே கையால் துழாவி வந்தாள். "அம்மா, இது கல்லா கிழங்கா?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டாள். நான் விட்டுவிட்டுப் போன ஏழெட்டுக் கிழங்கை அவள்தான் கண்டெடுத்தாள்.

நல்ல செடி ஒன்றில் 11 கிழங்கு, 810 கிராம். வேலியோர நிழலில் நின்ற செடியில் மூன்றே மூன்று, 190 கிராம். ஒரே விதை, ஒரே மண், வெயில் மட்டும்தான் வித்தியாசம். ஒரு செடியை வைத்து விளைச்சலைச் சொல்லக் கூடாது என்பதற்கு இதுவே போதும். முன்பே எடுத்த இரண்டையும் சேர்த்து 16 செடிக்கு 7.4 கிலோ. செடிக்குச் சராசரி 460 கிராம். கோலிகுண்டு அளவுள்ளவற்றையும் கொத்து பட்ட ஐந்தையும் சேர்த்துத்தான் இந்த எடை. கொத்து பட்டவை இந்த வாரமே சமையலுக்கு.

பிப்ரவரி 16

மூன்று சாக்கையும் கவிழ்த்தேன். வேலை சுலபம், ஒரு கிழங்குகூட வெட்டுப்படவில்லை. ஆனால் 6 செடிக்கு 1.8 கிலோதான். சாக்கு மண் பகலில் சூடேறிவிடுகிறது, சீக்கிரம் காய்ந்தும் போகிறது. மண் வெப்பம் 15 முதல் 20 டிகிரி வரை இருக்கும்போதுதான் கிழங்கு நன்றாகப் பிடிக்கும், 30 டிகிரியை நெருங்கினால் அநேகமாக நின்றேவிடும். ஒரு சாக்குக்கு ஒரு செடி போட்டிருந்தால் கிழங்காவது பெரிதாக இருந்திருக்கும்.

மொத்தம் 9.2 கிலோ. ஒன்பது மடங்கு! எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

கழுவவில்லை. ஒட்டிய மண்ணைக் கையால் தட்டிவிட்டு, இருட்டறையில் காகிதம் விரித்து ஒற்றை அடுக்காகப் பரப்பியிருக்கிறேன். இரண்டு வாரத்தில் சிறு கீறல்கள் தாமே ஆறிவிடும்.

பிப்ரவரி 28

பரப்பிய கிழங்கை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். இரண்டு மெத்தென்று இருந்தன, அவற்றை ஒதுக்கினேன். மற்றவற்றைத் தேய்த்தாலும் தோல் அசையவில்லை. கூடையில் போட்டுச் சாக்கால் மூடி வைத்தேன். வெங்காயக் கூடையை வேறு அறைக்கு மாற்றியாயிற்று, இரண்டும் பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் கெடும். ஃப்ரிட்ஜிலும் வைக்கப் போவதில்லை. அந்தக் குளிரில் மாவு சர்க்கரையாக மாறி, பொரிக்கும்போது கறுத்துவிடும்.

மாலையில் கீரை விதைக்கலாம் என்று பாத்தியைக் கொத்தினேன். பெரியது ஒன்று, சிறியது இரண்டு கிடைத்தன, 160 கிராம். மொத்தத்தைத் திருத்தி எழுதினேன்: 9.36 கிலோ.