நர்சரிப் பக்கமும் 44 பிக்சலும்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் என் மாமா தென்னங்கன்று நர்சரி வைத்திருக்கிறார். கன்று வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் பொள்ளாச்சிக்காரர்கள், மீதிப் பேர் சித்தூர், பாலக்காட்டுக்காரர்கள். கடைப் பலகையில் தமிழும் மலையாளமும் உண்டு. “இதே மாதிரி போனில் தெரிகிற மாதிரி ஒரு இணையப் பக்கம் செய்து கொடு கண்ணு” என்றார். பி.காம். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த நான், பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் தெரியும் என்ற தைரியத்தில் தலையாட்டினேன். அதன் தோற்றத்துக்கு விதி எழுதும் சிஎஸ்எஸ் என்பது நிறம் பூசுகிற வேலைதானே, இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு மாதம் ஆனது.

முதல் அடி அற்பமானது. என் கணினியில் பச்சையும் வெள்ளையுமாக இருந்த பக்கம், சர்வரில், அதாவது பக்கத்தை இணையத்தில் வழங்கும் கணினியில், ஏற்றியதும் வெறும் எழுத்தாக நின்றது. சிஎஸ்எஸ் கோப்பின் பெயரில் முதல் எழுத்து பெரிய எழுத்து. அதைப் பக்கத்தோடு இணைக்கும் வரியில் சின்ன எழுத்து. விண்டோஸ் அதைக் கண்டுகொள்வதில்லை, லினக்ஸ் சர்வர் விடுவதில்லை. ஒரு இரவு போனது.

அடுத்து, விலைத் தலைப்பு சிவப்பாக மாறவே மறுத்தது. எழுதியது சரி, எழுத்துப் பிழையும் இல்லை. யாரோ வீடியோவில் சொன்னபடி, ஒரு விதியை மற்றவற்றுக்கு மேலே ஏற்றும் ‘இம்பார்ட்டண்ட்’ என்ற சொல்லை ஒட்டினேன், மாறியது. அந்த ருசியில் கோப்பு முழுக்க ஒட்டினேன். நாலு நாளில் எந்த விதி எதை அடக்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. பிரவுசரில் எஃப்12 பொத்தானை அழுத்தி விதிகளின் பட்டியலைப் பார்த்தபோதுதான் புரிந்தது. தோற்றுப்போன விதிகளெல்லாம் அங்கே நடுக்கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தன. ஐடி என்பது பக்கத்தில் ஒரே ஒரு உறுப்புக்கு வைக்கும் பெயர், கிளாஸ் பல உறுப்புகளுக்குப் பொதுவானது. ஐடியைக் குறித்து எழுதிய விதிக்கு முன்னால் கிளாஸ் விதி நிற்காது. பதினொரு கிளாஸைச் சேர்த்துக் கட்டினாலும் ஒரு ஐடியை வெல்ல முடியாது. இரண்டு விதிகளின் எடை சமமாக இருந்தால் கடைசியில் எழுதியது வெல்லும். நான் தலைப்புக்கு ஒரு ஐடி விதி எழுதிவிட்டு மறந்திருந்தேன். அதை நீக்கியதும் ஒட்டுகள் எல்லாம் தேவையற்றுப் போயின.

பிறகு மாமா தன் போனை நீட்டினார். “இது இடமும் வலமுமாக ஆடுகிறது கண்ணு.” உண்மைதான், விரலை வைத்தால் பக்கம் பக்கவாட்டில் நழுவியது. காரணம் தேடாமல், எல்லாவற்றையும் சுற்றியிருந்த பெட்டிக்கு, வெளியே வழிவதை மறைக்கும் ‘ஓவர்ஃபுளோ ஹிடன்’ போட்டேன். ஆட்டம் நின்றது. கன்றுகளைக் காட்டும் அட்டைகளின் வலது ஓரம் மட்டும் வெட்டுப்பட்டது போல் இருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். திரை 360 பிக்சல், அட்டையின் அகலம் 100 சதவீதம். அதற்குமேல் உள் இடைவெளியான பேடிங் இடமும் வலமும் 20 வீதம், ஓரக்கோடான பார்டர் 2 வீதம். ஆக 404. சிஎஸ்எஸ் சொல்லும் அகலம் உள்ளடக்கத்துக்கு மட்டுமானது. ஓரமெல்லாம் அதற்கு வெளியே. 44 பிக்சல் வேலி தாண்டி நின்றிருக்கிறது. பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 பிரவுசர் ஓரங்களையும் உள்ளடக்கித்தான் அகலத்தைக் கணக்கிட்டது. தரத்துக்கு மாறானது என்று திட்டு வாங்கியது. இன்றைக்கு எல்லோரும் கோப்பின் தலையிலேயே ‘பாக்ஸ் சைசிங் பார்டர் பாக்ஸ்’ என்று எழுதி அந்தக் கணக்கையேதான் கேட்கிறார்கள். நானும் எழுதினேன்.

எந்தப் பாடத்திலும் சொல்லாத தொல்லை மொழியில் இருந்தது. பொத்தானுக்கு உயரம் 40 என்று கட்டியிருந்தேன். மலையாளத்தில் தென்னங்கன்றைக் குறிக்கும் ‘தெங்ஙின் தை’ அடங்கியது. தமிழில் ‘நெட்டை குட்டை ஒட்டுத் தென்னங்கன்றுகள்’ இரண்டு வரியாகிக் கீழே வழிந்தது. உயரத்தை எடுத்துவிட்டுக் குறைந்தபட்ச உயரமும் பேடிங்கும் கொடுத்ததும் பொத்தான் தானாக வளர்ந்தது. வரி இடைவெளியை 1.2-இலிருந்து 1.6 ஆக்கினேன், அதற்கு முன் மேல்வரியின் ‘கு’வும் கீழ்வரியின் ‘கி’யும் முட்டிக்கொண்டிருந்தன. ஆங்கிலப் பாடங்களில் அழகுக்கு வைக்கிற சாய்வெழுத்து இங்கே உதவாது. தமிழ் எழுத்துருவில் அதற்கென்று வடிவம் இல்லாவிட்டால், பிரவுசர் நேரெழுத்தையே பிடித்துச் சாய்த்துவிடுகிறது. பார்க்கச் சகிக்காது. மொழிவாரியாக எழுத்துரு பிரித்தேன்: தமிழுக்கு மீரா இனிமை, மலையாளத்துக்கு மஞ்சரி. இரண்டுமே சுவதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு செய்தவை என்று தெரிந்தபோது, எங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டாம் என்று தோன்றியது.

எல்லாம் முடிந்தது என்று காட்டினேன். மாமா நிறத்தைப் பார்க்கவில்லை, எழுத்தைப் பார்க்கவில்லை. “போன் நம்பர் எங்கே? கீழே போகிறவன் திரும்பி மேலே வருவானா?” என்றார். எண் இருந்த பட்டைக்கு, பக்கம் நகர்ந்தாலும் திரையில் ஒட்டி நிற்கவைக்கும் ‘ஸ்டிக்கி’ கொடுத்தேன். ஒட்டவில்லை, பக்கத்தோடு சேர்ந்து மேலே போய் மறைந்தது. இரண்டு நாள் அந்தப் பட்டையையே புரட்டிக்கொண்டிருந்தேன். குற்றம் அதில் இல்லை. ஆட்டத்தை மறைக்க வெளிப்பெட்டிக்கு நான் போட்டிருந்த ‘ஓவர்ஃபுளோ ஹிடன்’. பட்டை திரையோடு ஒட்டாமல் அந்தப் பெட்டியோடு ஒட்டப் பார்த்திருக்கிறது. அந்த வரியை அழித்துவிட்டு மாமாவின் போனில் திறந்தேன். எண் மேலேயே நின்றது, பக்கமும் ஆடவில்லை.

“இப்போது சரி” என்று சொல்லிவிட்டு, அந்த எண்ணைத் தொட்டுத் தன் போனிலிருந்தே தனக்கு அழைத்துப் பார்த்தார். பிசி என்று வந்தது.