செருப்பப் போட்டுட்டு பாத்ரூமுக்குள்ள போ

போன வாரம் சாயங்காலம் நாலு மணி இருக்கும், நாகமலை பக்கம் கருகருன்னு மேகம் கட்டுச்சு. அதுவரைக்கும் அனலா அடிச்ச காத்து திடீர்னு சில்லுனு மாறுனா சூறைக்காத்து வந்துருச்சுன்னு சோழவந்தான் பக்கம் சின்னப்புள்ளைக்கும் தெரியும், மேகத்துக்குள்ள குளுந்த காத்து மொத்தமா கீழ விழுந்து தரையோட பரவுறதுதான் அது. தெரிஞ்சு என்ன, எங்கம்மா வத்தல் காயுதுன்னு மொட்டமாடிக்கு ஓடிருச்சு.

வத்தலை அள்ளிட்டு அம்மா கீழ வந்து ரெண்டு நிமிஷம் கூட ஆகல, அடுத்த வீட்டு மாட்டுக்கொட்டகை தகரம் ஒண்ணு பறந்து வந்து எங்க தண்ணி டேங்க்ல அடிச்சு கிழிச்சிருச்சு. எனக்கு கை காலெல்லாம் நடுங்கிருச்சு.

காத்து ஓஞ்சதும் நான் பண்ணதுதான் கூத்து. வாசல்ல கெடந்த செருப்பையும் காத்து கொண்டுபோயிருச்சு, வாழை என்னாச்சோன்னு வெறுங்காலோட ஓடி துருப்பிடிச்ச ஆணிய மிதிச்சு, டிடி ஊசி போட்டுட்டு வந்து படுத்தேன். வாழை பாதி சாஞ்சிருச்சு, அத விடுங்க. தெருமுனையில கரண்ட் கம்பி வேற அறுந்து கெடந்துச்சு, நல்லவேளை பக்கத்து வீட்டு மாமா யாரையும் அங்கிட்டு போகவிடாம நின்னுக்கிட்டு கரண்ட் ஆபீஸ் புகார் மையம் மின்னகத்துக்கு 94987 94987ல போன் போட்டாரு.

ராத்திரி அமெரிக்காவுல டல்லாஸ்ல இருந்து அக்கா போன்ல ஒரே ஏச்சு. அங்க டொர்னாடோ, அதான் சுழல்காத்து, அதுக்கு வாட்ச்னா வர்றதுக்கு வாய்ப்பிருக்கு, ரெடியா இருன்னு அர்த்தமாம், வார்னிங்னா கண்ணுல பாத்துட்டாங்க இல்ல ரேடார்ல தெரிஞ்சிருச்சு, உடனே ஒளிஞ்சுக்கணும். அவ வீட்டுக்கு தரைக்கு அடியில பேஸ்மென்ட் ரூம் கெடையாது, அதனால கீழ்த்தளத்துல ஜன்னலே இல்லாத நடு பாத்ரூம், புள்ளைகளுக்கு சைக்கிள் ஹெல்மெட், காலுல கட்டாயம் ஷூ. முடிஞ்சப்புறம் கண்ணாடியும் ஆணியுமாத்தான் கெடக்குமாம். கார்ல போறப்ப மாட்டுனா பாலத்துக்கு அடியில மட்டும் ஒதுங்கக்கூடாதாம், காத்து அங்கதான் இன்னும் வேகமா பாயுமாம்.

நம்ம காத்து அந்த அளவுக்கு இல்ல, ஒத்துக்கிறேன், ஆனா ஆணி ஒண்ணுதானே.

அம்மாகிட்ட செருப்ப உள்ள வைக்கவான்னு கேட்டேன், சாமி இருக்குற வீட்டுல செருப்பான்னு ஒரே சத்தம். அதான் பழைய ஜோடி ஒண்ண கழுவி பையில சுத்தி கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன், அதுக்கு இன்னும் தெரியாது. கொட்டகை தகரம் பறக்காம கொக்கி மாதிரி இருக்குற ஜே போல்ட்டு போட நாளைக்கு ஆள் வருது.