கரண்ட் கம்பெனியின் கரண்ட் ரேஷியோ

மின் விநியோக நிறுவனம் ஒன்றின் நிதிப் பிரிவில் சேர்ந்த முதல் மாதம். "கரண்ட் ரேஷியோ போட்டு எடுத்துட்டு வாங்க" என்று மேலாளர் சொன்னது காதில் விழுந்ததும், பக்கத்தில் நின்ற இன்ஜினியர் "அது எங்க வேலையாச்சே" என்றார்.

கரண்ட் ரேஷியோ என்றால், ஒரு வருடத்துக்குள் காசாகக்கூடிய நடப்புச் சொத்தை ஒரு வருடத்துக்குள் கட்டவேண்டிய நடப்புப் பொறுப்பால் வகுப்பது, 2 வரவேண்டும் என்று படித்துவிட்டு வந்தவன் நான். எனக்கு வந்தது 0.8. திரும்பப் போட்டேன், அதே 0.8. கம்பெனி முழுகப்போகிறது என்கிற மாதிரி குறிப்பு எழுதி நீட்டினேன். மேலாளர் படித்துவிட்டு, "நாம விக்கிற சரக்கு எந்தக் குடோன்ல இருக்கு, காட்டுங்க பார்ப்போம்" என்றார். அப்போதுதான் உறைத்தது. மின்சாரத்தை உற்பத்தியான நொடியிலேயே விற்றாகிவிடுகிறது, அதனால் விற்பனைக்கான கையிருப்பு என்று ஒன்று கிடையாது, நடப்புச் சொத்து மெலிந்துதான் இருக்கும், ஆனால் பில் பணம் மாதம் தவறாமல் வரும். இந்தத் தொழிலில் 1-க்குக் கீழே இருப்பது சகஜம்.

சரி, அப்படியென்றால் எதைப் பார்ப்பது? ஒவ்வொரு வரியாகப் பிரிக்கச் சொன்னார். ஸ்டோர்ஸ் கணக்கில் கிடந்த டிரான்ஸ்பார்மரும் கேபிளும் நடப்புச் சொத்தில் உட்கார்ந்திருந்தன. அவை கம்பத்துக்குப் போகுமே தவிர காசாகாது. வரவேண்டிய பாக்கியை வயதுவாரியாகப் பிரித்தபோது கணிசமான பகுதி ஒரு வருடத்தைத் தாண்டி நின்றது, பெரும்பாலும் அரசு அலுவலகங்கள், பியூஸைப் பிடுங்கவும் முடியாது. மறுபக்கம் வாடிக்கையாளர் டெபாசிட். அது பொறுப்புதான், ஆனால் இணைப்பைத் துண்டித்துக்கொண்டு போகிறவர்தான் திருப்பிக் கேட்பார்.

எனக்குப் பிடிபட அதிக நாள் ஆனது காலக்கணக்குதான். முதல் தேதி எரிந்த யூனிட்டுக்கு மாதக் கடைசியில் ரீடிங், அப்புறம் பில், அப்புறம் கெடு, ஆக நம் கைக்குக் காசு வர ஒன்றரை மாதம் ஆகிவிடும். சந்தையில் வாங்கிய மின்சாரத்துக்கோ சில நாளில் கட்டியாக வேண்டும், அதற்குப் பிணையாகக் கட்டிவைக்கும் ஈட்டுத்தொகை வேறு. வருடக் கடைசி விகிதம் எதுவும் இந்த இடைவெளியைக் காட்டாது.

2021 பிப்ரவரி குளிர்புயலில் டெக்சாஸின் மொத்த விற்பனைச் சந்தையில் மின்சார விலை ஒரு மெகாவாட்-மணிக்கு (ஆயிரம் யூனிட்) 9000 டாலர் என்ற உச்சவரம்பில் நாள்கணக்காக நின்றது. பிராஸோஸ் எலெக்ட்ரிக் என்ற கூட்டுறவு மின் நிறுவனத்துக்கு 200 கோடி டாலருக்கு மேல் பில், அதுவும் சில நாளில் கட்டவேண்டியது. மார்ச் 1 அன்று திவால் மனு போட்டுவிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று, வங்கிகளில் நாங்கள் இன்னும் எடுக்காமல் வைத்திருக்கும் கடன் வரம்பு எவ்வளவு, அதை எடுக்க என்னென்ன நிபந்தனை என்று ஒப்பந்தங்களை உட்கார்ந்து படித்தேன். அதுவரை ஒருவரும் அதை ஒரே தாளில் எழுதி வைக்கவில்லை!

இப்போதும் இயக்குநர் போர்டுக்குப் போகும் குறிப்பில் கரண்ட் ரேஷியோதான் முதல் வரி, கேட்பார்கள். காலையில் நான் முதலில் திறப்பதோ 13 வார ரொக்க வரவு செலவுத் தாள். அதில் ஐந்தாவது வாரம் மைனஸில் நிற்கிறது, பழைய கடனின் தவணையும் மின்கொள்முதல் பில்லும் ஒரே நாளில் விழுகின்றன. மதியத்துக்குள் வங்கிக்குப் பேச வேண்டும்.