லால்பாக் நிழல்ல இன்ஃப்ராரெட் ஃபிலிம்

பெங்களூர்ல அல்சூர்ல அத்தை வீடு இருக்கு, அதனால லாட்ஜ் செலவு இல்ல, சென்னையில இருந்து லால்பாக் எக்ஸ்பிரஸ் புடிச்சா ராத்திரி சாப்பாட்டுக்கு அங்க இருக்கலாம். இந்த தடவை பையில துணிய விட ஃபிலிம் ரோல்தான் அதிகம். இல்ஃபோர்ட் எஸ்எஃப்எக்ஸ் 200 ஃபிலிம், பழைய யாஷிகா டிஎல்ஆர் (மேல கீழ ரெண்டு லென்ஸ் இருக்கற கேமரா), ஹோயா ஆர்72 ஃபில்டர், ட்ரைபாட், கேபிள் ரிலீஸ். கோடாக்கோட ஹெச்ஐஈ 2007ல நின்னு போனதுல இருந்து இன்ஃப்ராரெட், அதாவது சிவப்பையும் தாண்டி கண்ணுக்கு தெரியாத வெளிச்சத்த புடிக்கற ஃபிலிம்னா நமக்கு கிடைக்கறது இந்த மாதிரி சமாசாரம்தான். எஸ்எஃப்எக்ஸ் சுமார் 740 நானோமீட்டர் வரைக்கும்தான் பார்க்கும், ஆர்72 கிட்டத்தட்ட 720ல இருந்துதான் வெளிச்சத்த உள்ள விடும், ஸோ நடுவுல ஒரு சின்ன சந்து, அந்த சந்து வழியா வர்ற வெளிச்சத்துலதான் படம். எக்ஸ்போஷர், அதாவது ஃபிலிம் மேல வெளிச்சம் விழ வேண்டிய நேரம், நீண்டு போறதுக்கு காரணமே அதுதான்.

டிஎல்ஆர் ஏன்னு கேப்பீங்க. ஆர்72 மாட்டிட்டா, ஒரே லென்ஸ் வழியாவே பாத்து எடுக்கற எஸ்எல்ஆர் வ்யூஃபைண்டர்ல ஒண்ணுமே தெரியாது, ஒவ்வொரு ஷாட்டுக்கும் கழட்டி ஃபோகஸ் பண்ணி மறுபடி மாட்டணும். டிஎல்ஆர்ல கீழ் லென்ஸுக்கு மட்டும் ஃபில்டர், மேல் லென்ஸ் வழியா நிம்மதியா பாத்துக்கலாம். இன்ஃப்ராரெட்டுக்கு ஃபோகஸ் கொஞ்சம் தள்ளும், லென்ஸ் துவாரத்த எஃப் 16ன்னு சின்னதா வச்சா அது பெரும்பாலும் சமாளிச்சிடும்.

காலைல மெட்ரோல மெஜஸ்டிக் போய் பச்சை லைன் மாறி லால்பாக் ஸ்டேஷன். கூட அத்தை பையன், ஐடில இருக்கான், கணக்கு போடறதுக்குன்னே இழுத்துட்டு வந்தேன். தோட்டம் ஆறு மணிக்கே திறந்துடும், அந்த நேரத்துக்கே வாக்கிங் கூட்டம் ஜேஜேன்னு இருக்கும். கேமரா, ட்ரைபாட்டுக்கு கேட்ல என்ன ரூல்னு முன்னாடியே கேட்டுக்கறது நல்லது. ட்ரைபாட விரிச்ச உடனே ஒரு பெரியவர் நின்னு தமிழ்லயே, "என்ன தம்பி, சர்வேயா? ரோடு கீடு வருதா?"ன்னார். "இல்ல சார், மரத்த படம் புடிக்கறோம்"னேன், அவருக்கு நம்பிக்கையே வரல.

மொதல்ல வெயில்ல எடுத்து முடிச்சேன். லால்பாக் பாறை இருக்குல்ல, கெம்பேகவுடா கோபுரம் மேல நிக்குமே, 300 கோடி வருஷத்துக்கு முந்தின கல்லு, அங்க நல்ல வெயில் வந்ததும் கணக்கே தேவைப்படல. ஃபில்டருக்கு அஞ்சு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதி ஆகறது, இல்ல ரெண்டு மடங்கு ஆகறது) போச்சுன்னா ஃபிலிமோட வேகம் ஐஎஸ்ஓ 200ங்கறது 6 ஆயிடும், நல்ல வெயில்ல எஃப் 16க்கு 1/6 செகண்ட், அவ்ளோதான். ஒரு செகண்டுக்கு கீழ ரெசிப்ரோசிட்டிய பத்தி, அதாவது எக்ஸ்போஷர் நீள நீள ஃபிலிம் மந்தமாகறத பத்தி, யோசிக்கவே வேண்டாம். வானம் கருப்பு, புல்லு வெள்ளை, பாத்தவுடனே ஆளுங்க வாவ்ன்னுவாங்க. எனக்கு அது கொஞ்சம் போர் அடிச்சிடுச்சு.

எனக்கு வேணுங்கறது நிழல். அந்த பெரிய இலவம் மரம், அதோட வேரு ஆள் உயரத்துக்கு சுவர் மாதிரி எழும்பி நிக்கும், அதுக்கு அடியில. ஃபில்டர் இல்லாம மீட்டர்ல பாத்தா ஐஎஸ்ஓ 200க்கு எஃப் 22ல அரை செகண்ட். இதுல மொதல்ல ஃபில்டரோட அஞ்சு ஸ்டாப்ப சேக்கணும், அரை செகண்ட் 16 செகண்ட் ஆகுது. அதுக்கு அப்புறம்தான் ரெசிப்ரோசிட்டி. இந்த வரிசை முக்கியம், ஏன்னா ஃபிலிமுக்கு மீட்டர் என்ன சொல்லுச்சுன்னு தெரியாது, தன் மேல எவ்ளோ மங்கலான வெளிச்சம் எவ்ளோ நேரம் விழுதுன்னு மட்டும்தான் தெரியும். இல்ஃபோர்ட் குடுத்திருக்கற ஃபார்முலா ரொம்ப சிம்பிள், டைம 1.43 பவருக்கு ஏத்தணும். மாப்ள போன படுக்க வச்சான், அப்பதான் அந்த கால்குலேட்டர்ல பவர் பட்டன் வருது, 16, பவர், 1.43, வந்தது 52.7. ஆக 53 செகண்ட். டைம செகண்ட்ல மட்டும்தான் போடணும், நிமிஷத்துல போட்டா விடை தப்பா வரும்.

ஏன் இப்படி டைம் கூடுதுன்னு அவன் கேட்டான். ஃபிலிம்ல இருக்கற சில்வர் உப்பு துகள்ல ஒளி பட்டு ஒரு சில்வர் அணு உருவாகும், ஆனா ஒத்த அணு நிலைக்காது. ஷேர் ஆட்டோல மொதல் ஆள் ஏறி உக்காந்துட்டு, அடுத்த ஆள் சீக்கிரம் வரலன்னா இறங்கி நடந்துடுவார் பாருங்க, அந்த கதைதான். நாலஞ்சு பேர் சேந்தாதான் வண்டி கெளம்பும், மங்கலான வெளிச்சத்துல ஆள் வர்றதுக்குள்ள உக்காந்தவர் போயிடறார். இத அளந்து பவர் கணக்கா எழுதினவர் கார்ல் ஷ்வார்ஸ்சைல்ட், 1899 வாக்குல, நட்சத்திரங்கள போட்டோ தகட்டுல அளக்கப் போன எடத்துல. பிளாக் ஹோல் கணக்குல வர்ற அதே ஆள்தான்.

இப்ப விஷயம் என்னன்னா, ஒரு ஸ்டாப் கூட குடுக்கணும்னா டைம ரெண்டு மடங்கு ஆக்கினா பத்தாது. 16 செகண்ட் 32 ஆனா ஃபார்முலாப்படி 53 வந்து 142 ஆகுது, அதாவது 2.7 மடங்கு. கீழ வந்தாலும் அதேதான், 8 செகண்டுக்கு வெறும் 20. நான் பாத்த வரைக்கும் நெறைய பேர் பிராக்கெட் பண்றேன்னு, அதாவது ஒரே படத்த வேற வேற டைம்ல எடுக்கறேன்னு, 53, 106ன்னு எடுத்துட்டு ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியலன்னு சலிச்சுக்கறாங்க. 20, 53, 142ன்னு போனாதான் அது ஸ்டாப் கணக்கு. ஒவ்வொரு நிழல்லயும் நான் இந்த மூணையும் எடுத்தேன், நடந்து போனவங்க யாரும் படத்துல இல்ல, அது ஒரு லாபம், ஆனா காத்து அடிச்சா இலை எல்லாம் பஞ்சு, அதுக்கு பதிலா எஃப் 11 வச்சா 4 செகண்ட், திருத்தினா 7 தான். இலைதான் முக்கியம்னா லென்ஸ தொறங்க, எஃப் 22ல அடம் புடிக்காதீங்க.

கழுவி பாத்தா இலவ மரத்தடில 20 செகண்ட்தான் சரியா இருந்துச்சு, 53 கொஞ்சம் அடர்த்தி. இதுக்கு ஃபார்முலாவ குத்தம் சொல்ல முடியாது. இலைங்க சிவப்பையும் நீலத்தையும் தின்னுட்டு இன்ஃப்ராரெட்ட கீழ விட்டுடும், அதனால மர நிழல்ல கண்ணுக்கும் மீட்டருக்கும் தெரியற இருட்டு ஃபிலிமுக்கு அவ்ளோ இருட்டு இல்ல. 1889ல அடிக்கல் போட்ட அந்த கண்ணாடி மாளிகையோட நிழல் பக்கம் நேர் எதிர். மேல மரம் இல்ல, நீல வானம் மட்டும்தான், அந்த வெளிச்சத்துல இன்ஃப்ராரெட் ரொம்ப கம்மி, மீட்டர் அங்கயும் அதே அரை செகண்ட்தான் சொல்லுச்சு ஆனா 142 செகண்ட் ஃப்ரேம்லதான் இரும்பு வேலைப்பாடு உருப்படியா வந்துச்சு. ஒரே ரீடிங், ஒரே கணக்கு, ரெண்டு நிழலுக்கும் நடுவுல ரெண்டு ஸ்டாப். 1.43ஆ 1.4ஆன்னு சண்டை போடறத விட, தலைக்கு மேல இலையா வானமான்னு அண்ணாந்து பாக்கறது உபயோகம்.

இன்னொண்ணு, நீண்ட எக்ஸ்போஷர்ல நிழல் பகுதி அதிகமா அடி வாங்கும், வெளிச்ச பகுதி கம்மியா, அதனால நெகட்டிவ் கான்ட்ராஸ்ட் ஏறிடும், டெவலப் டைம கொஞ்சம் குறைக்கணும். பாறையில எடுத்ததையும் மரத்தடியில எடுத்ததையும் ஒரே ரோல்ல கலந்தா அது முடியாது. 120 சைஸ் ரோல்ல பன்னெண்டே ஃப்ரேம்ங்கறதால வெயிலுக்கு ஒரு ரோல், நிழலுக்கு ஒரு ரோல்னு பிரிக்கறது சுலபம், ரோல் மேல பேனால எழுதி வச்சுக்கோங்க, லேப்ல குடுக்கும்போது எந்த ரோலுக்கு டைம் குறைக்கணும்னு தெளிவா சொல்லிடுங்க.