மாநிலச் சட்டமன்றமும் நல முரண்பாடும்: தேர்வுத்தாளில் மதிப்பெண் கரையும் இடங்கள்

ஒப்பீட்டுப் பொதுச் சட்டத் தாளில், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் தன் சொந்த நலன் பொதுக் கடமையோடு மோதும்போது (இதுவே நல முரண்பாடு) எப்போது ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்ற கேள்வி பார்க்க எளிதாகத் தெரியும். சிங்கப்பூரில் மாநிலமும் இல்லை, மாநிலச் சட்டமன்றமும் இல்லை. அதனால் இங்குள்ள மாணவர்கள் நம் நாடாளுமன்ற விதியை எழுதி, ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். சறுக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நலனை அறிவிப்பது, விவாதத்தில் பேசாமலிருப்பது, வாக்களிக்காமலிருப்பது என மூன்று கடமைகளையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் நாடாளுமன்றச் சிறப்புரிமைகள் பற்றிய 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நேரடியான சொந்தப் பண நலன் உள்ள உறுப்பினர் அதன் அளவைச் சொல்லாமல் விவாதத்தில் கலந்துகொள்ளக் கூடாது. சொல்லிவிட்டாலும் வாக்களிக்கவே கூடாது. பேச்சுக்கு நிபந்தனை, வாக்குக்கு முழுத்தடை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கதை வேறு. அங்குள்ள நெறிமுறைச் சட்டம், முரண்பாடு உறுதியாக இருந்தால் மற்ற பொதுப் பதவியினரை ஒதுங்கச் சொல்கிறது. சட்டமன்ற உறுப்பினரிடமோ அவையின் விதிப்படி அறிவிப்பை மட்டும் கேட்கிறது. உறுப்பினர் ஒதுங்கினால் அவருடைய தொகுதி மக்களுக்கு அந்த வாக்கெடுப்பில் குரலே இருக்காது என்பது இத்தகைய ஏற்பாட்டுக்குச் சொல்லப்படும் வலுவான நியாயம். இதை எழுதாமல் ஓரிகனைத் ‘தளர்வான சட்டம்’ என்று தள்ளிவிடாதீர்கள்.

அடுத்து, எந்த நலன் கணக்கில் வரும்? 1811ல் பிரிட்டிஷ் மக்களவைத் தலைவர் ஆபட் தந்த தீர்ப்பை மனத்தில் வையுங்கள். நலன் நேரடியான பண நலனாக இருக்கவேண்டும்; அந்த உறுப்பினருக்கே தனியாக உரியதாக இருக்கவேண்டும்; மற்றக் குடிமக்களோடு பொதுவானதாகவோ அரசின் கொள்கை பற்றியதாகவோ இருக்கக் கூடாது. இந்திய மக்களவையின் 371ஆம் விதி விளக்கத்தில் ஏறக்குறைய இதே சொற்கள் இருக்கின்றன. பொதுமக்களில் ஒரு பிரிவினரோடு பகிர்ந்துகொள்ளும் நலனும் சேராது என்று அது கூடுதலாகச் சொல்கிறது.

இந்த அளவுகோலை வைத்துப் பழக, ஒரே கணக்கை மூன்று விதமாகப் போட்டுப் பாருங்கள். ஓர் உறுப்பினருக்குச் சிராங்கூன் சாலை மாதிரி ஒரு கடைத்தெருவில் இரண்டு கடைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாநிலம் முழுவதும் கடை வாடகைக்கு உச்சவரம்பு வைக்கும் மசோதா வந்தால், எல்லாக் கடைக்காரர்களுக்கும் உள்ள நலன்தான் அவருக்கும் உண்டு, வாக்களிக்கலாம். அவர் கடைகள் இருக்கும் கட்டடத்தை மட்டும் அரசு விலைக்கு வாங்கும் தீர்மானம் என்றால் நலன் அவருடையது, தடை வரும். கடைகள் மனைவி பெயரில் இருந்தால்? ‘தனக்கே உரிய’ என்ற சொல்லுக்குள் இது எளிதில் அடங்காது. இரு பக்கமும் வாதிடவேண்டும். நெவாடா மாநிலச் சட்டத்தில் குடும்பத்தார், வேலை கொடுத்தவர், தொழில் உறவு எல்லாம் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டிருப்பதால் அங்கே விடை மாறலாம். இந்த மூன்றாவது கூற்றில்தான் நல்ல விடைத்தாள் தனித்து நிற்கும். நேரத்தை இங்கே செலவிடுங்கள்.

வழக்குகளில் கேரிகன் வழக்கை எல்லாரும் எழுதுகிறார்கள். நெவாடாவின் ஸ்பார்க்ஸ் நகர மன்ற உறுப்பினரான அவர், தன் தேர்தல் பிரசார மேலாளர் ஆலோசகராக இருந்த நிறுவனத்தின் சூதாட்ட விடுதித் திட்டத்துக்கு, உறவை அறிவித்துவிட்டு வாக்களித்தார். அப்படி வாக்களிப்பதைச் சட்டம் தடுப்பது அவரது பேச்சுரிமையை மீறுமா என்ற கேள்வியில், 2011ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சட்டமன்ற வாக்கு உறுப்பினரின் சொந்தப் பேச்சு அல்ல, மக்கள் அவரிடம் ஒப்படைத்த அதிகாரம் என்றது. 1789லேயே அமெரிக்கக் கீழவை விலகல் விதி இயற்றியதையும் சுட்டிக்காட்டியது. இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். நெவாடாவின் அந்தச் சட்டம் தெளிவற்றதா, கூடிச்செயல்படும் உரிமையைப் பாதிக்கிறதா என்ற கேள்விகளை அந்தத் தீர்ப்பு முடிவுசெய்யவில்லை. மேலும், கேரிகன் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரே அல்லர். 2009ல் ஹார்டி வழக்கில் நெவாடா உச்ச நீதிமன்றம், நிர்வாகத் துறையைச் சேர்ந்த நெறிமுறை ஆணையம் மாநிலச் செனட்டர் ஒருவரை அவரது அறிவிப்பு, வாக்கு தொடர்பில் தண்டிக்க முடியாது, அந்த அதிகாரம் அவைக்கே உரியது என்று சொல்லியிருந்தது. கேரிகனை எழுதி ஹார்டியை விட்டால், கேள்வியில் உள்ள ‘மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்’ என்ற சொல்லுக்கே விடை இல்லாமல் போகிறது.

சிங்கப்பூர் அமைச்சர்கள் இருவர் அரசு பங்களாக்களை வாடகைக்கு எடுத்தது பற்றி 2023ல் பேசப்பட்ட ரிடவுட் சாலை வீடுகள் விவகாரத்தைப் பலர் உள்ளே கொண்டுவருகிறார்கள். அமைச்சர் கா. சண்முகம் விலகிக்கொண்டது நிர்வாக முடிவு ஒன்றிலிருந்து. அதற்கு அளவுகோல் அமைச்சர்களுக்கான நடத்தை நெறி. ஒப்பீட்டுக்கு ஒரு வரி போதும். லஞ்சம் வந்தால் அது வேறு தளம்: சிங்கப்பூர் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, 100,000 வெள்ளி வரை அபராதம், 7 ஆண்டு வரை சிறை.

நடைமுறையை எழுத மறக்கவேண்டாம். இந்திய 371ஆம் விதிப்படி, வாக்கெடுப்பு முடிந்த உடனே, முடிவை அவைத்தலைவர் அறிவிக்கும் முன்பே ஆட்சேபம் எழுப்பவேண்டும். ஆட்சேபிப்பவர் காரணத்தைத் துல்லியமாகச் சொல்லவேண்டும். உறுப்பினரின் விளக்கத்துக்கும் இடமுண்டு. அவைத்தலைவர் முடிவே இறுதி. கேள்வியில் ‘மறுநாள் தெரியவந்தது’ என்று ஒரு வரி இருந்தால், அதைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். அந்த வாக்கை எதிர்க்கும் நேரம் அப்போது கடந்திருக்கும்.